நாலில் மட்டும்

டிசம்பர் கடைசியில் காரின் விசிறி
ஒன்றில் நின்றது. இரண்டு நாள் கழித்து இரண்டிலும் மூன்றிலும்.
நாலில் மட்டும் சுற்றியது,
கல்யாண மண்டபத்துப் பின்கட்டில்
ஜெனரேட்டர் ஓடுவதுபோல்.

தில்லி ஜனவரியில் ஹீட்டர் இல்லாமல் ஓட்ட முடியாது.
கண்ணாடி உள்ளே வியர்த்துவிடும்.
முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கு
தண்ணீரில் கரைத்த குங்குமமாகிவிடும்.
அதனால் நாலிலேயே ஓட்டினேன்
இருபத்தோரு விடியற்காலை,
தில்ஷாத் கார்டனிலிருந்து மயூர் விஹார் மூன்றாம் ஃபேஸ் வரை.
பக்கத்தில் ஜெசிந்தா,
நைட் டியூட்டி முடிந்து,
தன் ஸ்வெட்டருக்கு மேல் என் ஸ்வெட்டர்.

"சாப்டியா?"
"என்ன?"
"சாப்டியானு கேட்டேன்!"
கையை ஆட்டுவாள். அதோடு சரி.
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.
காஜிபூர் வருவதற்குள்
அவள் வாயருகே கண்ணாடியில்
சின்ன வட்டம் ஒன்று வெளுக்கும், மறையும்,
மறுபடி வெளுக்கும்.
மூச்சு என்றுதான் நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டு
கஷ்மீரி கேட் போனேன்.
பல்விந்தர், மூன்றடி அகலக் கடை,
என் முழு வாக்கியத்துக்குக் காத்திருக்கவில்லை.
"நாலுல மட்டும் ஓடுதா?
ரெசிஸ்டர்."
உள்ளங்கை அகலத்தில் ஒரு சாமான்,
வெள்ளைப் பிளாஸ்டிக்கில் மூன்று சுருள் கம்பி.
நானூற்றைம்பது, பில் இல்லாமல்.
"மோட்டாருக்குப் போற கரண்ட்ல கொஞ்சத்தை
இது தின்னுடும். தின்னதைச் சூடாக்கி
காத்துல விட்டுடும்.
அதாலதான் விசிறி மெதுவா சுத்துது.
நாலுல இதுக்கு வேலையே இல்ல,
கரண்ட் நேரா போயிடும்."
இந்தியில் சொன்னார். எனக்குத் தமிழில்தான் நினைவிருக்கிறது.

மாடியில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.
கீழே நான்
அவள் கால் வைக்கும் இடத்தில் தலை வைத்து
மல்லாந்து படுத்தேன்.
மிதியடிக்கு அடியில் இரண்டு ஹேர்பின்,
ஊசியின் மூடி ஒன்று,
நாலாய் மடித்த சீட்டு. நீலப் பேனாவில்
படுக்கை எண்கள்: 14. 9. மறுபடி 14.
எல்லாவற்றையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

டாஷ்போர்டுப் பெட்டியைக் கழற்றினால்
பின்னால் இரண்டே ஸ்க்ரூ.
ஒன்று கழன்றது. மற்றது கழன்று
எங்கோ விழுந்து, காந்தத்தால் துழாவ இருபது நிமிடம்.
பிளக் உருகி ஒட்டியிருந்தது.
இழுத்த இழுப்பில் விரல் முட்டித் தோல் போயிற்று.
வந்துவிட்டது பழையது:
ஒரு சுருள் அறுந்து, தீய்ந்த சேமியா மாதிரி.

புதியதை மாட்டிக் குமிழைத் திருப்பினேன்.
ஒன்று. அடுத்த மேஜையில் யாரோ
லெட்ஜர் புரட்டுவதுபோல் காற்று.
எனக்கு என்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

திங்கட்கிழமை, ஒன்றில் வைத்து ஓட்டினேன்.
இண்டிகேட்டரின் டிக் டிக்கூடக் கேட்டது.
"சாப்டியா?"
"ம். பிரெட்."
எவ்வளவு தெளிவு! இன்னும் வரும் என்று
ஆனந்த் விஹார் தாண்டும்வரை காத்திருந்தேன்.
வரவில்லை. கண்ணாடியில் வட்டமும் வரவில்லை.
மடியில் கைகளை வைத்து,
இறங்கும்வரை அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
செவ்வாயும் அப்படித்தான்.

புதன்கிழமை
காஜிபூர்க் குப்பைமலையைப் பனி முழுங்கியிருந்தது,
நாற்றம் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது.
அவள் கை நீண்டது.
இரண்டு. மூன்று.
நாலு.
மறுபடி ஜெனரேட்டர்.
ஜன்னல் பக்கம் திரும்பினாள்,
உதடு அசைந்தது.
வட்டம் வெளுத்தது, மறைந்தது, வெளுத்தது.

எதுவும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கவில்லை.
லாரியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே போனேன்,
சற்றே மெதுவாக.
சீட்டு இன்னும் சட்டைப் பையில்.

நான் மாட்டிய நானூற்றைம்பது ரூபாய்
உள்ளே இருட்டில்
எதையும் தின்னாமல், சூடாகாமல்
காற்று வாங்கிக்கொண்டிருந்தது.